கண்ணாடிக்கு ஒரு கீறலும் இல்லை

மேடையில் நின்றவர்கள்: பெண். மாப்பிள்ளை. பெண்ணின் அப்பா. பெண்ணின் அம்மா. மாப்பிள்ளையின் அப்பா. அவர் மனைவி. மாப்பிள்ளையின் அக்கா, அவள் இடுப்பில் ஒரு குழந்தை. பின்னால் மேல்படியில், இடது ஓரத்தில், தனியாகப் பெண்ணின் தாய்மாமன்.

மேடைக்குக் கீழே கேமராவோடு நான். எனக்குப் பின்னால் என் மச்சான். அவன் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருப்பதியில் ஒரு மண்டபம். பெண் வீடு நகரிப் பக்கம், தமிழ்க் குடும்பம், மாந்தோப்பு உண்டு. மாப்பிள்ளை வீடு திருப்பதி, தெலுங்கு. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஐயர் தெலுங்கில் திட்டுவார், சமையல்காரர் தமிழில் திட்டுவார். இரண்டும் எல்லோருக்கும் புரியும்.

நான் புத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எட்டாவது வரை தெலுங்கில் படித்தேன். கேமராவைச் சித்தூரில் ஒரு கடையில் நின்று கற்றுக்கொண்டேன். பேசுவது குறைவு. கல்யாணத்தில் போட்டோ எடுப்பவன் பேசாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தம்பி. ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே உள்ளே போகும்போது தலைக்கு உறை, வாய்க்கு உறை, கைக்கு உறை, காலுக்கு உறை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டிவி ரிமோட்டுக்கு உறை. ஃபோனுக்கு முன்னால் கண்ணாடி, பின்னால் பை. வண்டி வாங்கி எத்தனையோ மாதமாகியும் சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக்கைப் பிரிக்கவில்லை. வெயிலில் அதன்மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது சத்தம் வரும். சீட் மட்டும் புதிதாக இருக்கும்.

என் பழைய லென்ஸில் பூஞ்சை பிடித்தது. புதிது வாங்க எனக்கு வசதிப்படவில்லை. மச்சான் தவணையில் வாங்கிக் கொடுத்தான். கேமரா என்னுடையது, லென்ஸ் அவனுடையது. அதனால் லீவு கிடைக்கும் கல்யாணத்துக்கெல்லாம் அவனும் வந்தான். லென்ஸுக்குத் துணையாக வந்தான்.

வாங்கிய அன்றே முன்னால் ஒரு ஃபில்டர் திருகினான். வெறும் கண்ணாடிதான். படத்துக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. தூசு, கை, தண்ணீர் லென்ஸில் படாமல் இருக்கும், அவ்வளவு. அதற்கும் முன்னால் ஹூட். கறுப்பு பிளாஸ்டிக்கில் பூ இதழ் மாதிரி நான்கு மடல், இரண்டு நீளம், இரண்டு குட்டை. பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் அடித்துப் படம் வெளுக்காமல் இருப்பதற்காக அதைச் செய்கிறார்கள். மச்சானுக்கு அந்தக் கதை வேண்டாம். அவன் கணக்கில் லென்ஸுக்கு ஃபில்டர் காவல், ஃபில்டருக்கு ஹூட் காவல், ஹூட்டுக்கு அவன் காவல்.

ஆயுத பூஜை வந்தது. என் மனைவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். பிரிண்டருக்கு, கத்தரிக்கோலுக்கு, ஸ்கூட்டருக்கு. லென்ஸுக்கு நடுக்கண்ணில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். நான் தடுக்கவில்லை. வருடத்துக்கு ஒரு நாள். மச்சானுக்கு அன்று பெருமை. ஃபில்டர் இல்லையென்றால் இது லென்ஸிலேயே போயிருக்கும் பார் என்று எல்லோரிடமும் சொன்னான். மறுநாள் துடைத்தோம். நடுவில் இருந்தது போனது, ஓரத்துக்குப் போனது போகவில்லை. திருகுப் பள்ளத்தில் சந்தனம் இறங்கிக் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஃபில்டர் கழலவில்லை. மச்சான் கவலைப்படவில்லை. இனி யாரும் கழற்ற முடியாது என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

அடுத்த முகூர்த்தம் இந்தக் கல்யாணம்.

பேச வந்த அன்று பெண்ணின் அம்மா ஸ்டுடியோவுக்குத் தனியாக வந்தார். ஆல்பம் எத்தனை பக்கம், டிரோன் உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. தன் அண்ணனைப் பற்றி மட்டும் பேசினார். அப்பா போன பிறகு தோப்பைப் பிரித்தார்கள். இவர் பங்குக்குப் போகிற பாதையில் அண்ணன் கம்பி வேலி போட்டுவிட்டார். அதிலிருந்து பேச்சு இல்லை. பத்திரிகை வைக்கப் போனபோது அண்ணி வாங்கிக்கொண்டார். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோலப் பின்பக்கம் போய்விட்டார்.

"வருவாரான்னு தெரியல தம்பி. வந்தா உட்டுடாத. எங்க ஊட்டுல ஆல்பம் வந்தா மொதல்ல தாய்மாமன் ஊட்டுக்குதான் எடுத்துக்கினு போவணும். அதான் வழக்கம். அந்த ஊட்டுப் படி ஏற எனக்கு வேற சாக்கு கெடையாது. அதுல அவுரே இல்லன்னா நான் இன்னான்னு ஏறுவேன்?"

சரி அக்கா என்றேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது.

அண்ணன் வந்தார். அவரை வரவைத்தது தெலுங்கு வழக்கம். மாப்பிள்ளை வீட்டு முறைப்படி பெண்ணைக் கூடையில் உட்கார வைத்துத் தாய்மாமன் தூக்கிக்கொண்டு மேடைக்கு வர வேண்டும். பெரிய மூங்கில் கூடை, மஞ்சள் பூசியது. தாய்மாமன் இல்லையென்றால் பங்காளி யாராவது தூக்கலாம். தன் இடத்தில் இன்னொருவன் தூக்குவான் என்று தெரிந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. காலையில் கசங்காத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். தங்கையைப் பார்க்கவில்லை. கூடை எங்கே என்று கேட்டார்.

நல்ல உயரம். முன்னால் அவர், பின்னால் அவர் மகன். கூட்டம் நெருக்கியது. நாதஸ்வரக்காரர் முழங்கை ஹூட்டில் இடித்தது. ஹூட் தெறித்துக் கீழே போனது. கால்களுக்கு நடுவில் உருண்டது. மச்சான் அதன் பின்னால் குனிந்து போனான். கூட்டத்தில் ஆட்டுக்குட்டி தொலைத்தவன் மாதிரி குனிந்தே போய்க்கொண்டிருந்தான்.

நான் எடுத்தேன். மேடை முழுக்க எல்.இ.டி. விளக்கு, பக்கத்திலிருந்து சாய்வாக லென்ஸில் அடித்தது. தடுக்க ஹூட் இல்லை. முன்னால் ஃபில்டர் இருந்தது. விளக்கு ஃபில்டரில் பட்டு, லென்ஸில் பட்டு, திரும்ப ஃபில்டரில் பட்டது. அப்படிப் பட்டால் படத்தில் எங்காவது பச்சையாக ஒரு வெளிச்சப் பொட்டு விழும். எங்கே விழுந்தது என்று அப்போது தெரியவில்லை.

மச்சான் ஹூட்டோடு வந்தான். மாட்டுகிற பல் ஒன்று உடைந்திருந்தது. அலங்காரம் செய்பவரிடம் செல்லோ டேப் வாங்கிச் சுற்றி ஒட்டினான். நேராக இருக்கிறதா என்று கேட்டேன். "ஆடாது பாவா," என்றான். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை அப்படியும் கூப்பிடுவார்கள். நான் கேட்டது வேறு, அவன் சொன்னது வேறு. தாலி கட்டப் போகிறார்கள் என்று சத்தம் போட்டார்கள். ஓடினேன்.

தாலிக்குப் பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் தலையில் ஒருவர் அரிசி கொட்டுவார்கள். மஞ்சள் அரிசி, அதோடு தெர்மோகோல் மணி. கிட்டே போய் எடுத்தேன். பாதி அரிசி ஹூட்டுக்குள் விழுந்தது. கிண்ணம் மாதிரி ஏந்திக்கொண்டது. கேமராவைக் கவிழ்த்துத் தட்டினேன். மச்சான் என் காதருகில், இதுக்குத்தான் சொன்னேன் என்றான். எதற்குச் சொன்னான் என்று கேட்கவில்லை.

பிறகு குடும்பப் படம். முதலில் சொன்ன எல்லோரும் நின்றார்கள். பெண்ணின் அம்மா திரும்பித் திரும்பி மேல்படியைப் பார்த்தார். அண்ணன் ஓரத்தில் போய் நின்றார். கிட்டே வரச் சொல்லிக் கை காட்டினேன். அசையவில்லை. அவர் வராததால் நான் லென்ஸை அகலத்துக்குத் திருப்பினேன். எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர் தலை இடது மேல் மூலையில். எடுத்தேன். பின்னால் கட்டியிருந்த துணியும் கறுப்பு. கேமராவின் சின்னத் திரையில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

படம் முடிந்ததும் அவர் இறங்கினார். தங்கை புருஷன் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"கூடை தூக்கணும்னாங்க. தூக்கிட்டேன். இந்த ஊட்டுக் கல்யாணத்துல கை நனைக்க மாட்டேன்."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பெண்ணின் அம்மா அடுத்த பரிசுப் பொருளைக் கையில் வாங்கினார், அது பக்கத்து ஊர்க்காரர் கொடுத்த சுவர்க் கடிகாரம். நான் அதைப் படம் எடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அக்காவின் குழந்தை லட்டு தின்ற கையை ஹூட்டுக்குள் விட்டது. ஐந்து விரலும் ஃபில்டரில். நெய். கர்ச்சீப்பால் துடைத்தேன். நெய் பரவியது. இன்னும் துடைத்தேன். சமமாகப் பரவியது. மச்சான் குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். ஃபில்டர் போட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது என்றான். லென்ஸில் நெய் படவில்லை. படத்தில் மட்டும் பட்டது. அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் பால்கோவாவுக்குள்ளிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

பந்தி கீழ்த்தளத்தில். வெளியே போகும் வழியும் அதைத் தாண்டித்தான். பெண் வீட்டார் வரிசை வரிசையாக வந்து உபசரிப்பதை எடுக்க வேண்டும். மச்சான் முன் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கண் படாத நேரம் எனக்கு அடிக்கடி கிடைக்காது. கை கழுவும் இடத்துக்குப் போனேன். டேப்பைப் பிரித்தேன். ஹூட்டைக் கழற்றினேன். ஃபில்டரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, மூச்சைப் பிடித்துத் திருகினேன். காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது. கழன்றது. இரண்டையும் பேண்ட் பாக்கெட்டில் போட்டேன்.

வாங்கிய நாளிலிருந்து அந்த லென்ஸ் எதையும் நேராகப் பார்த்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. கடைசி வரிசையைப் பார்த்து ஒன்று எடுத்தேன். கூர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஓரத்து இலையின் நரம்பு தெரிந்தது. அது போதும்.

மச்சான் வெற்றிலையோடு வந்தான். பார்த்தான். வாயில் இருந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"இன்னா பாவா, துணி இல்லாம நிக்க வெச்சிகினு கீற."

பாக்கெட்டிலிருந்து இரண்டையும் கொடுத்தேன். பாத்திரம் கழுவுகிற சோப்பால் ஃபில்டரைக் கழுவித் துடைத்து, அங்கேயே மாட்டி, டேப் ஒட்டிய பிறகுதான் பேசினான். சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் போளி ஒன்றுதான் வைத்தான் என்றான். ஆள் பார்த்து வைக்கிறார்கள் என்றும் சொன்னான்.

பத்து நாள் கழித்துப் பெண்ணின் அம்மா ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்தார். மச்சானுக்கு அன்று வார விடுமுறை. அவனும் இருந்தான். ஸ்டூலில் லென்ஸை வைத்து ஊதிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் பெண்ணைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ஓரங்களைப் பார்த்தார்.

குடும்பப் படம் வந்தது. பெரிய திரையில் தெரிந்தது. ஹூட் கோணலாக ஒட்டியிருந்ததால் நீளமான மடல்கள் மூலைக்கு வந்துவிட்டன. வலது கீழ் மூலையும் கறுப்பு. அங்கே யாரோ ஒருவருடைய கால் போயிருந்தது. அதை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. இடது மேல் மூலை கறுப்பு. அங்கே வெள்ளைச் சட்டை கழுத்து வரை இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

பெண்ணின் அம்மா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார். விரலால் தொட்டார்.

கூடைப் படத்துக்குப் போனேன். பல படங்களில் அண்ணன் முகத்தைக் கூடை மறைத்தது. ஒன்றில் முகம் நேராக இருந்தது. அதன்மேல் பச்சையாக ஒரு பொட்டு, சரியாக மூக்கிலிருந்து நெற்றி வரை. திருத்திப் பார்த்திருந்தேன். பொட்டு போனது, முகமும் போனது. ஏதோ ஒரு முகம் வந்தது. அவருடையது இல்லை.

ஹூட் இருந்த படத்தில் ஹூட் மறைத்தது. ஹூட் இல்லாத படத்தில் ஃபில்டர் மறைத்தது. நான் சொன்னது அவ்வளவுதான். வேறு விளக்கம் தெரியாது.

மச்சான் குறுக்கே வந்தான். அவனுக்குப் பெண்ணின் அம்மா கவலைப்படுவது பிடிக்கவில்லை. நல்லவன்தான். அந்தக் கூட்டத்தில் இடிபட்டும், அரிசி விழுந்தும், குழந்தை கை வைத்தும் லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொன்னான். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். கண்ணாடிக்கு ஒரு கீறலும் இல்லை என்றான்.

அவர் பார்த்தார்.

"கண்ணாடி நல்லாத்தாம்பா இருக்குது. எங்க அண்ணன் எங்க?"

மச்சான் லென்ஸை மூடினான்.

பஸ் ஸ்டாண்டில் காளஹஸ்தி, காளஹஸ்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். அண்ணன் குணத்தைச் சொன்னார். தன் தலையை மட்டும் அறுத்துவிட்டார்கள் என்பார். ஊர் முழுக்கச் சொல்வார். அதற்குப் பிறகு கம்பி இல்லை, சுவரே வைப்பார்.

நான் மீதிப் படங்களை ஓட்டினேன். பந்தி வந்தது. அந்தச் சோதனைப் படம் வந்தது. அழிக்க வேண்டியது, அழிக்க மறந்திருந்தேன். அழிக்கப் போனேன்.

"இரு தம்பி."

கையை எடுத்தேன்.

கடைசி வரிசை. ஓரத்து இலை. வெள்ளைச் சட்டை, கையை மடித்து விட்டிருந்தது. முகம் முழுதாக, நெற்றி வேர்வையோடு, பக்கவாட்டு வெளிச்சத்தில். மூலையும் இருட்டவில்லை, பச்சையும் இல்லை. நான் எடுத்த முகங்களில் இவ்வளவு தெளிவான முகம் அந்தக் கல்யாணத்தில் இன்னொன்று இல்லை. கை நனைக்காமல் போன அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியிருந்தது.

பெண்ணின் அம்மா சிரிப்பார் என்று மச்சான் நினைத்தான். தான் முதலில் சிரித்து, அவர் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான்.

"இத ஆல்பத்துல போட முடியாது," என்றார். "மானம் போச்சுன்னுவாரு."

"சரிக்கா."

"ஆனா ஒண்ணு தெரிஞ்சாவணும்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாப்ள ஊட்டுக்காரங்க சொன்னதுக்கு மேல வந்துட்டாங்க. போளி பத்தாதுன்னு ஆளுக்கு ஒண்ணுதான் வைக்கச் சொன்னேன். கேட்டவங்களுக்கு மட்டும் மறுபடி. நானே நின்னு சொன்னேன்."

மச்சான் இப்போது என்னைப் பார்த்தான். ஆள் பார்த்து வைத்தார்கள் என்று சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஒண்ணுன்னா, அவன் வெச்சான், இவுரு துன்னாரு. பசி. அதுக்குமேல ஒண்ணும் இல்ல. கோவம் அப்படியேதான் கீது. அந்த இருட்டு போட்டோவ எடுத்துக்கினு நான் போனா, கேமரா தப்புன்னு நான் சொன்னா, நம்ப மாட்டாரு. கதவ சாத்துவாரு." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒண்ணுக்கு மேல இருந்தா, எங்க ஊட்டுப் பந்தியில கை நீட்டிக் கேட்டு வாங்கியிருக்காரு. கேட்டவரு கதவ சாத்த மாட்டாரு. இருட்டுல இருந்தாக்கூட அது நான்தான்னு அவுரே சொல்லிப்பாரு. அப்ப நான் போறேன். பெருசு பண்ணு."

பெரிதாக்கினேன். முகம் மேலே போய்விட்டது. சட்டை பொத்தான் வந்தது. பிறகு இலை.

மச்சான் எழுந்து வந்து பின்னால் நின்றான். இந்தத் தடவை படத்தைப் பார்த்தான்.

இன்னும் பெரிதாக்கினேன். உடையவில்லை. போளியின் ஓரத்தில் நெய் வழிந்தது தெரிந்தது. மேலே கருகின புள்ளிகூடத் தெரிந்தது. இலையின் வலது கீழே ஒன்று முழுதாக. அதன்மேல் சாய்ந்து இன்னொன்று. மடித்து, பாதி கடித்தது, கையில் ஒன்று.

"எத்தன?" என்று கேட்டார். அவருக்கே தெரிந்தது. என் வாயால் கேட்க வேண்டும்.

மூன்று.